தரையோரத்துக் காற்று

எங்கள் வீடு வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் கூடத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நீர் வடிந்து, சேற்றைக் கழுவி முடித்து, வீடு மறுபடி வீடாகத் தோன்றத் தொடங்கிய ஜனவரி மாதத்தில்தான் நான் வீட்டுக்குள் உடற்பயிற்சியைத் தொடங்கினேன். அப்போது எனக்கு 44 வயது. இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரைக்கு முன் நடையைத் தொடங்குங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தெருவோ தோண்டிய பள்ளங்களும் காயாத சேறுமாகக் கிடந்தது. ஆகவே பின்பக்கத்துப் படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் விரிப்பைப் போட்டு, சூரிய நமஸ்காரமும் தரையில் படுத்துச் செய்யும் சில பயிற்சிகளும் என்று அரை மணி நேரத்தை வகுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் தொந்தரவு இல்லை. இரண்டாம் வாரத்திலிருந்து, குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் ஐந்தாம் நிமிடத்தில் தும்மல் தொடங்கும். பத்து, பதினைந்து என்று விடாமல் வரும். கண்ணின் உள்மூலை அரிக்கும், மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். இவற்றைவிட என்னை அச்சுறுத்தியது, பயிற்சியை முடித்து உட்கார்ந்த பிறகு வந்த நெஞ்சிறுக்கம். வேகமாக அசையும்போது வராத இறுக்கம், ஓய்வெடுக்கும்போது மெல்லிய சீழ்க்கை ஒலியோடு வந்து, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தணியும். பழக்கமில்லாத உடம்பு பணிய மறுக்கிறது என்று நம்பி இன்னும் கடுமையாகச் செய்தேன். ஐந்து மாதங்களை அப்படி வீணாக்கினேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருவது.

உண்மையைக் காட்டியது ஒரு பயணம். மே மாத விடுமுறையில் சிவகங்கை மாவட்டத்திலுள்ள என் பிறந்த வீட்டுக்குப் போனபோது, முற்றத்தை ஒட்டிய வெறும் சிமெண்ட் தரையில் அதே பயிற்சிகளை அதே வேகத்தில் ஒன்பது நாட்கள் செய்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. "இங்க ஒண்ணும் இல்லையே, அங்க மட்டும் ஏன்டி மூச்சு வாங்குது?" என்று அம்மா கேட்ட கேள்வியைத்தான் சென்னை திரும்பியதும் மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அப்படியே கொண்டுபோனேன். அவர் ஒவ்வாமைக்கான தோல் குத்துச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். தும்மலுக்கு நான் விழுங்கிவந்த மாத்திரை சோதனையின் முடிவை மறைத்துவிடும் என்பதால், அவர் சொன்னபடி சில நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டியிருந்தது. முன்னங்கையில் ஒவ்வொரு காரணியின் சாற்றையும் ஒரு துளி வைத்து, ஊசி நுனியால் மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளக்கிறார்கள். வீட்டுத் தூசி உண்ணிக்கான இரண்டு துளிகளும் கொசுக்கடியைவிடப் பெரிதாக வீங்கின. கரப்பான் பூச்சிக்கும் ஒருவகைப் பூஞ்சைக்கும் அதைவிடச் சிறிய தடிப்புகள் வந்தன. நான் சந்தேகப்பட்டு வந்த மகரந்தத் துளிகள் எதையும் செய்யவில்லை. மூச்சை ஊதிப் பார்க்கும் சோதனையில் லேசான ஆஸ்துமாவும் தெரிந்தது.

தூசி உண்ணி என்பது கண்ணுக்குத் தெரியாத, கால் மில்லிமீட்டர் நீளமுள்ள எட்டுக்கால் உயிரி. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களே அதன் உணவு. அது கடிப்பதில்லை. அதன் கழிவிலும் செத்த உடலின் துணுக்குகளிலும் உள்ள புரதங்களே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இந்த உயிரிதான் முக்கியக் காரணம் என்பதை நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள் 1964ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். அதுவரை தூசி என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கியிருந்தது. என் மனத்திலும் அதுவரை அப்படித்தான் இருந்தது. தூசி என்றால் தெருவிலிருந்து வருவது, ஜன்னலை மூடினால் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். ஆனால் என்னை வருத்திய தூசி என் படுக்கையில் பிறந்தது. ஜன்னலை மூடியதால் அது அறைக்குள்ளேயே தங்கியது.

வீட்டில் மற்ற நேரங்களில் பெரிதாகத் தொந்தரவு செய்யாத தூசி உடற்பயிற்சியின்போது மட்டும் ஏன் வீழ்த்துகிறது என்பதையும் மருத்துவர் விளக்கினார். ஓய்வாக இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறோம். கடுமையாக உழைக்கும்போது அது 60 லிட்டரையும் தாண்டும். இடையில் ஏறத்தாழ 35 அல்லது 40 லிட்டரை எட்டும்போது மூக்கு மட்டும் போதாமல் வாயும் திறந்துகொள்கிறது. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, துகள்களை வடித்து அனுப்பும் மூக்கைத் தவிர்த்து காற்று நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இவற்றோடு நான் சேர்த்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, முகத்தின் உயரம். நின்று வேலை செய்யும்போது ஐந்தடி உயரத்துக் காற்றைச் சுவாசிக்கிறோம். தரைப் பயிற்சியில் முகம் தரைக்கு ஒரு சாண் மேலே, நம் கையும் காலும் அப்போதுதான் கிளப்பிவிட்ட தூசிக்கு நடுவே இருக்கிறது. அறை முழுவதையும் மருத்துவமனைபோல் ஆக்க வேண்டியதில்லை. அந்த ஆறடிக்கு மூன்றடி இடத்தின் தரையோரத்துக் காற்றைப் பயிற்சி நேரத்தில் நல்லதாக வைத்தால் போதும் என்று புரிந்த பிறகுதான் என் வேலை கைக்கு அடங்கியது.

அந்தப் புரிதல் வருவதற்கு முன் பணத்தைத் தவறான இடத்தில் செலவழித்துவிட்டேன். முதலில் வாங்கியது ஏர் பியூரிஃபையர். அதற்குள் இருக்கும், ஹெபா எனப்படும் நல்ல நுண்வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தன்னிடம் வந்து சேரும் காற்றைத்தான் வடிக்க முடியும். தூசி உண்ணியின் கழிவுத் துகள்கள் ஒப்பீட்டளவில் பெரியவை, கனமானவை. கிளறினால் மேலே எழுந்து, ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் தரையிலும் துணியிலும் படிந்துவிடுகின்றன. மூலையில் நிற்கும் இயந்திரம் அவற்றை இழுப்பதற்குள் நான் இழுத்துவிடுவேன். புகைக்கும், பூனை வளர்ப்பவர்கள் வீட்டில் நெடுநேரம் மிதக்கும் நுண்துகள்களுக்கும் அது பயன்படும். என்னைப் போன்றவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுவன்று. இரண்டாவதாக, தரை குளிர்கிறதென்று துண்டு துண்டாகப் பொருத்தும் நுரை விரிப்பை அறை முழுக்கப் பதித்திருந்தேன். மூன்று மாதம் கழித்து அதைப் பெயர்த்தபோது, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் தலைமுடியும் சாம்பல் நிறத் தூசியும் ஈரத்தில் ஒட்டிக் கோடு கோடாகக் கிடந்தன. அன்றே அதைக் கட்டி வெளியே வைத்தேன். அதற்கு மேல் விரித்திருந்த ஜமுக்காளத்தையும் துவைத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். இப்போது இருப்பது வெறும் டைல்ஸ் தரை, அதன்மேல் துடைக்கக்கூடிய ஒற்றை யோகா மேட். மேட் வாங்கும்போது, ரப்பர் பால் ஒவ்வாத உடம்பு உடையவர்கள் இயற்கை ரப்பரில் செய்ததைத் தவிர்க்க வேண்டும். என் மேட்டை வாரம் ஒரு முறை சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் இரு பக்கமும் துடைத்து, கொடியில் போட்டு முழுக்கக் காய்ந்த பிறகே சுருட்டுகிறேன். வியர்வை ஈரத்தோடு சுருட்டிய மேட்டில் பூசண வாடை வர இரண்டு நாள் போதும்.

மிகக் கடினமாக இருந்தது மெத்தையை விடுவதுதான். என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை அது. வீட்டுக் கொல்லையில் நின்ற இலவ மரத்துக் காய்களை வெடிக்கவிட்டு எடுத்த பஞ்சு. வெள்ளத்தன்று மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைப் பரணில் ஏற்றிக் காப்பாற்றியிருந்தோம். தண்ணீர் படாவிட்டாலும், மூன்று வாரம் ஈரக்காற்றில் கிடந்த அதன் வாடை மாறவில்லை. ஏப்ரல் வெயிலில் மூன்று நாள் மொட்டை மாடியில் காயப்போட்டு அடித்தும் பார்த்தேன். கடும் வெயிலின் சூடும் வறட்சியும் உண்ணிகளைக் கொல்லும். ஆனால் பஞ்சுக்குள் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கழிவு அங்கேயே இருக்கும், தும்மலை வரவைப்பதும் அதுதான். இந்த வேறுபாடு எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. மெத்தையை அடிக்கும்போது நான் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாளில்தான் அந்த ஆண்டின் மோசமான மூச்சுத்திணறல் வந்தது. அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லி அழுதேன். "பஞ்சு போனா போகுது, நீ மூச்சு விடு" என்றாள். புதிதாக வாங்கிய மெத்தைக்கு வந்த நாளிலேயே, நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்து முழுவதும் மூடும் உறையைப் போட்டேன். தலையணைகளுக்கும் அதே உறைதான். மேலே விரிக்கும் படுக்கைவிரிப்பையும் தலையணை உறைகளையும் வாரந்தோறும் துவைக்கிறேன். குளிர்ந்த நீரில் துவைத்தாலும் ஒவ்வாமைப் புரதம் பெரும்பாலும் கரைந்து போய்விடும், ஆனால் உண்ணிகள் சாவதற்கு 55 அல்லது 60 டிகிரி சூடு வேண்டும். எங்கள் வாஷிங் மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் வசதி இல்லாததால், கொதிக்கவைத்த நீரைத் தொட்டியில் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு மெஷினில் போடுகிறேன். சுடுநீர் தாங்காத, மகளின் பஞ்சு பொம்மையைப் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்து, பிறகு துவைத்தோம்.

படுக்கையறையில்தான் பயிற்சி செய்ய முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படுக்கையை உதறி மடித்த கையோடு விரிப்பைப் போட்டு உட்காராதீர்கள். நான் எழுந்ததும் படுக்கையைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டு, கூடத்துக்குப் பயிற்சியை மாற்றிக்கொண்டேன். சோபாவை ஓரடி நகர்த்தியதில் கிடைத்த இடம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்தது ஈரம். சென்னை வீடுகளில், அதிலும் வெள்ளம் பார்த்த தரைத்தள வீடுகளில், இதுவே வேர் என்று நான் கருதுகிறேன். தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே வாழ்கிறது. ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வற்றிச் சாகும். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய சிறிய ஈரமானியைச் சுவரில் மாட்டியபோது, ஆகஸ்டில் 74 என்றும் நவம்பரில் 85 என்றும் காட்டியது. 50 என்ற இலக்கு கடற்கரை ஊரில் இயல்பாகக் கிட்டாது. அதற்காகக் கைவிட வேண்டியதும் இல்லை. ஜன்னலை மூடி ஏசியை ஈரத்தை உறிஞ்சும் நிலையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் எங்கள் கூடம் 60க்கு வருகிறது. மூச்சுக்கு அதுவே பெரிய வித்தியாசம். ஏசியின் வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவுகிறேன். மழைக்காலத்தில் துணிகளை அறைக்குள் கொடி கட்டி உலர்த்துவதை நிறுத்தினோம்; ஒரு வாளித் துணியிலிருந்து கிளம்பும் ஈரம் எங்கே போகும் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரையும் விட்டோம், ஏனெனில் அது காற்றில் ஈரத்தைச் சேர்த்துத்தான் குளிர்விக்கிறது.

சுவரில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வடிந்த ஆறாம் வாரத்தில், பொங்கலையொட்டிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டோம். வெளியே காய்ந்ததுபோல் தெரிந்த செங்கல் சுவரின் உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. ஏப்ரலில் பட்டி கொப்புளித்து உதிர்ந்தது. பீரோவை நகர்த்திப் பார்த்தபோது அதன் பின்பலகை முழுவதும் கறுப்புப் பூசணம் படர்ந்திருந்தது. நான் மாதக்கணக்கில் குப்புறப் படுத்து மூச்சிழுத்த இடத்திலிருந்து அது மூன்றடி தூரம். பலகைத் தூளை ஒட்டிச் செய்த அந்தப் பீரோவைக் காப்பாற்ற முடியவில்லை. சுவரில் மார்பளவு வரை பூச்சைக் கொத்தியெடுத்து, ஒரு கோடை முழுவதும் காயவிட்டு, பிறகே மறுபூச்சு செய்தோம். டைல்ஸ் இடுக்கில் இருந்த பூசணத்தை என் கணவர் முகக்கவசம் அணிந்து, சோப்பு நீரால் ஈரமாக்கியபடியே தேய்த்தெடுத்தார். காய்ந்த நிலையில் சுரண்டினால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். இப்போது எந்த மரச் சாமானும் சுவரை ஒட்டி இல்லை. ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறோம்.

செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது, பெருக்கும் நேரத்தை மாற்றியது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா காலை ஆறே காலுக்கு வந்து பூந்துடைப்பத்தால் பெருக்கிவிட்டுப் போவார். ஆறே முக்காலுக்கு நான் விரிப்பைப் போடுவேன். பெருக்கிய தரை சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் தரையில் இருந்த தூசி அப்போது காற்றில் இருந்தது. புதுப் பூந்துடைப்பம் என்றால் அதன் பூவிலிருந்து உதிரும் தூளும் அதோடு சேர்ந்துகொள்ளும். நிலைமையைச் சொன்னபோது அக்கா வருகையை மாலைக்கு மாற்றிக்கொண்டார். கூடத்தை மட்டும் முதலில் ஈர மாப்பால் துடைத்துவிட்டுப் பிறகு மற்ற அறைகளைப் பெருக்குகிறார். இரவெல்லாம் தூசி படிந்து, யாரும் கிளறாத விடியற்காலைக் காற்றில் நான் பயிற்சி செய்கிறேன். அதிலும் மின்விசிறியைப் போட்டதும் தும்மல் வந்த நாட்கள் உண்டு. இறக்கைகளின் மேற்புறத்தில் கருஞ்சாந்துபோல் தூசி ஒட்டியிருந்ததே காரணம். பழைய தலையணை உறையை இறக்கைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி கீழே சிந்தாமல் உறைக்குள்ளேயே விழும். இதைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என் மகள் செய்கிறாள். நான் அப்போது வெளியே போய்விடுகிறேன். ஒட்டடை அடிப்பது, பரணை ஒழிப்பது, ஆயுத பூஜைக்குப் புத்தகம் துடைப்பது முதலிய வேலைகளை ஒவ்வாமை உள்ளவர் செய்யக் கூடாது. வேலை முடிந்து அரை மணி நேரமாவது அந்த அறைக்குள் வரவும் கூடாது. ஆளில்லாத வீட்டில் நாமே செய்ய நேர்ந்தால் என்95 முகக்கவசம் கட்டாயம்.

கரப்பானைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தெளிக்கும் மருந்தின் நெடி எனக்கு மூச்சை அடைத்தது. அடுப்புக்குப் பின்னும் சிங்க்குக்கு அடியிலும் பொட்டுப் பொட்டாக வைக்கும் ஜெல் மருந்தும், இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவைக்காத பழக்கமும் ஒரு மாதத்தில் வேலையை முடித்தன.

புகை ஒவ்வாமைப் பொருள் அன்று, ஆனால் ஏற்கெனவே புண்ணான மூக்கையும் மூச்சுக்குழாயையும் அது உறுத்துகிறது. கொசுவர்த்தியை விடுவது எளிதாக இருந்தது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருந்ததைக் கணவரிடம் காட்டினேன். அந்த வாரமே எல்லா ஜன்னல்களுக்கும் வலை அடித்தார். சாம்பிராணி அப்படியன்று. என் மாமியார் ஐம்பது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை மாலையில் வீடெங்கும் தூபம் காட்டி வருபவர். அதை நிறுத்துங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, "அத்தை, கூடத்துல மட்டும் வேண்டாமா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "தூபம் சாமிக்குத்தானே, துளசி மாடத்துலயும் அவர்தான் இருக்கார்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து பின்கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் காட்டுகிறார். சனிக்கிழமைக் காலைப் பயிற்சி எனக்கு எந்த நாளையும்போல ஆனது அவர் கருணையால்தான்.

வீட்டைச் சரிசெய்தது மருந்தை விடுவதற்கு அன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவர் கொடுத்த மூக்குத் தெளிப்பானை நான் தும்மல் வந்த நாளில் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு, பலனில்லை என்று ஒதுக்கியிருந்தேன். தினமும் அடித்தால்தான், அதுவும் சில நாட்கள் கழித்துத்தான் அது முழுமையாகப் பயன் தரும். தெளிப்பான் நுனியை மூக்கின் நடுத்தண்டை நோக்கிப் பிடிக்காமல் வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் இரத்தக் கசிவும் வராது. அவர் சொன்னபடி பயிற்சிக்கு 15 நிமிடம் முன் இன்ஹேலர் எடுக்கிறேன். பிறகு பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறேன். எடுத்த எடுப்பில் வேகம் கூட்டிய நாட்களில்தான் இறுக்கம் வருகிறது. சீழ்க்கை கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. பயிற்சி முடிந்த பிறகு உப்பு நீரால் மூக்கைக் கழுவுகிறேன். யோகப் பயிற்சியில் ஜலநேத்தி என்று சொல்லப்படுவதுதான். இதற்குக் குழாய் நீரையோ கேன் தண்ணீரையோ அப்படியே பயன்படுத்தக் கூடாது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்ட நீர் மட்டுமே வேண்டும், ஏனெனில் காய்ச்சாத நீரிலுள்ள அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறி உயிரைப் பறித்த நிகழ்வுகள் உண்டு.

வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. இப்போதும் நவம்பரில் ஈரமானி 80ஐத் தாண்டும் நாட்கள் வருகின்றன. அந்த நாட்களில் தரைப் பயிற்சியை விட்டுவிட்டு, ஏசி ஓடும் கூடத்தில் நின்றபடி செய்யக்கூடியவற்றை மட்டும் செய்கிறேன். ஜனவரி பிறந்து காற்று உலரத் தொடங்கியதும் மறுபடி விரிப்புக்கு இறங்குகிறேன். இந்த மாதம் பன்னிரண்டு சுற்று சூரிய நமஸ்காரத்தை மூக்காலேயே மூச்சுவிட்டு முடிக்க முடிகிறது. பரணில் வெள்ளத்துக்கு முந்தைய புத்தகப் பெட்டிகள் நான்கு இன்னும் திறக்கப்படாமல் இருக்கின்றன. சித்திரை வெயிலில் அவற்றை மாடிக்கு ஏற்றிப் பிரிப்பதாகக் கணவரும் மகளும் நாள் குறித்திருக்கிறார்கள். அந்த நாளில் நான் அம்மா வீட்டில் இருப்பேன்.